மிட்டாய் தின்னாத எலிகள்

‘நான் தின்ன தேன்மிட்டாயாலதான் வந்திருக்கும். வேற எதனால வரும்?’

ஜெஸ்லின் இதை யாரிடமும் சொன்னதில்லை. போன வருடம், நான்காம் வகுப்பு படிக்கும்போது, அவளுக்குச் சர்க்கரை நோய் வந்தது. அன்றிலிருந்து சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின் ஊசி. ஊசி பழகிவிட்டது. இந்த நினைப்புதான் பழகவில்லை.

இன்றைக்கு வகுப்புத் தோழி ஷாலு வேறு அதைக் கிளறிவிட்டாள். பள்ளியில் சுகாதார தின நாடகம் போடுவது அவள்தான்.

“மிட்டாயாத் தின்னு சுகர் வரவெச்சுக்கினு அழுவுற பொண்ணு. அது நீதான்டி! நடிக்கக்கூட வேணாம், சும்மா நின்னாப் போதும்.”

“நாளைக்குச் சொல்றேன்” என்று வந்துவிட்டாள் ஜெஸ்லின்.

மாலையில் ஐரீன் அத்தை திருவொற்றியூரில் இருக்கும் ஜெஸ்லின் வீட்டுக்கு வந்தாள். ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் எலிகளைப் பார்த்துக்கொள்வது அத்தையின் வேலை. விரலில் கட்டு.

“இன்னா அத்த, கட்டு?”

“எலி கடிச்சிச்சு. திமிரு புடிச்சது! எல்லாம் உன் கட்சிதான். சுகர் எலி.”

ஜெஸ்லின் நிமிர்ந்தாள். “எலிக்கு சுகரா? நீ இன்னா குடுத்த?”

“நான் எங்க குடுத்தேன்? அந்த வம்சத்து எலிங்களுக்குத் தானா வரும். உடம்புல கிருமியோட சண்ட போடுற செல்லுங்க கீது இல்ல? அதுங்க ஆள் தெரியாம, இன்சுலின் சுரக்கற செல்லையே போட்டு அடிச்சிடுது. உனக்கும் அப்டித்தான். ஏன் ஆள் மாறி அடிக்குதுன்னுதான் எலிங்கள வெச்சுத் தேடிக்கினு கீறாங்க.”

“அதுங்க இன்னா தின்னும்?”

“காஞ்ச தீவன உருண்ட. தெனம் அதேதான்.”

“மிட்டாய்?”

“மிட்டாயா! வாசன கூடத் தெரியாது.”

“எல்லா எலிக்கும் வருமா?”

“ஒரே கூண்டு, ஒரே தீனி. ஒண்ணுக்கு வரும், பக்கத்துல கீறதுக்கு வராது.”

ஜெஸ்லின் யோசித்தாள். மிட்டாயையே பார்க்காத எலிக்கு வருகிறது. அவள் வாங்கிய தேன்மிட்டாயில் எப்போதும் பாதியைத் தின்ற ஷாலுவுக்கு வரவில்லை. அப்படியென்றால்...

“அய்ய!” என்று சத்தமாகச் சிரித்துவிட்டாள். ரொம்ப நாளைக்கு அப்புறம் மனசு லேசாக இருந்தது.

“பாவம் இல்ல, அதுங்க?”

“பாவந்தான். அதான் கடிச்சும் நான் திட்டல.”

“இப்பத்தான திட்டின!”

மறுநாள் ஷாலு ஒரு பாவாடையை நீட்டினாள். விளிம்பெல்லாம் மிட்டாய் தொங்கியது.

“போட்டுப் பாரு. எங்கம்மா தெச்சது.”

“சூப்பரா கீது. ஆனா, அந்தப் பொண்ணு நான் இல்ல. எனக்கு மிட்டாயால வரல.”

“அப்ப எதனால?”

“அது இன்னும் யாருக்கும் தெரியாது. எலிங்கள வெச்சுத் தேடறாங்க.”

“எலியா? பேஜாரு பண்ணாதடி! ஒரே ஒரு தபா நில்லேன்.”

ஜெஸ்லின் கோபப்படவில்லை. ஒரு மிட்டாயும் உதிராமல் பாவாடையை மடித்து, ஷாலுவின் கையிலேயே வைத்தாள்.

“வேணாம் ஷாலு.”