எரிவாயுத் தாங்கியைக் கொன்றது யார்?

இந்தக் காலத்துச் சனத்துக்கு ஏதாவது செத்துப்போனால் முதலில் அதைப் படம் எடுக்க வேண்டும். பிறகு கவலை, பிறகு பழி. குனிந்து பார்க்கிறவன் ஒருவனும் இல்லை. அந்தத் திங்கட்கிழமை காலை, ஊர்காவற்றுறைக் கடல் விஞ்ஞான வளாகத்தின் குசினிக்குப் பின்னால் கைபேசியும் கையுமாக நின்ற கூட்டத்தைப் பார்த்துச் சில்வெஸ்ரர் எரிச்சலோடு தொண்டையைச் செருமினார்.

செத்தது ஆள் அல்ல. கவிழ்த்த சட்டி போலப் பாதி நிலத்துக்குள் புதைந்திருந்த சீமெந்துத் தாங்கி. குசினிக் கழிவையும் சாணத்தையும் தின்று அடுப்புக்கு வாயு கொடுத்துக்கொண்டிருந்தது. இன்று திருகியைத் திருப்பினால் ஒரு மூச்சும் இல்லை.

சில்வெஸ்ரர் ஓய்வு பெற்ற பொலிஸ் சார்ஜன். எட்டாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. இப்போது வளாகத்தின் காவல் அவர் பொறுப்பு. வளாகத்தின் கரிமத் தடத்தைப் பாதியாகக் குறைக்கப்போவதாகப் பணிப்பாளர் பேராசிரியர் வாகீசன் மேடைக்கு மேடை பேசியதை அவரும் கேட்டவர்தான். கள்ளனின் தடம் அவருக்குத் தெரியும். கரிமத்தின் தடத்தை அவர் கண்டதில்லை. காணாத எதையும் நம்புகிற வழக்கமும் அவருக்கில்லை.

"ஆரோ நஞ்சு ஊத்தியிருக்கினம்," என்றார் உதவிப் பதிவாளர் கேதீஸ்வரி. வளாகத்தின் தண்ணீர் விவகாரம் முழுவதும் அவர் கையில். கைலேஞ்சியால் பிடித்தபடி ஒரு வெற்றுப் போத்தலைத் தூக்கிக் காட்டினார். "குளோரீன். தாங்கிக்குப் பக்கத்துப் புல்லுக்குள்ள கிடந்தது. உள்ளுக்கிருக்கிற கிருமியள்தான் வாயு தாறது. எல்லாம் செத்துப்போச்சு. கழுவித் துடைக்கிற ஆக்கள் ஆர்? குசினிக்காரர்தானே?"

எல்லாக் கண்ணும் சமையற்காரி அன்ரனிட்டா மேல் விழுந்தது. நாரந்தனைக்காரி. இரண்டு பெண்பிள்ளைகளை இந்தச் சம்பளத்தில் படிப்பிக்கிறவள்.

"வியாழக்கிழமை கொழும்பிலயிருந்து ஆக்கள் பார்க்க வருகினம்," என்றார் வாகீசன். "பின்னேரம் நாலு மணிக்குக் கூட்டம். அதுக்குள்ள வேற காரணம் வராட்டி, அன்ரனிட்டா, நீர் வேலையை விட்டுப் போகவேண்டியதுதான்."

அந்த நேரம் பார்த்து வேலி ஓட்டைக்குள்ளால் ஒரு வெள்ளாடு வந்து, கழிவு ஊற்றும் வாயின் சீமெந்து விளிம்பை நக்கத் தொடங்கியது. யாரோ கல்லால் எறிந்தார்கள். ஓடியது. ஆட்கள் கலைந்ததும் திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து நக்கியது.

சில்வெஸ்ரர் ஆட்டைப் பார்த்தார். பிறகு தாங்கியிலிருந்து வடிகிற கழிவு நீரில் வளர்ந்த வாழைகளைப் பார்த்தார். இலை ஓரங்கள் நெருப்புப் பட்டதுபோலக் கருகியிருந்தன.

காலை பத்து மணி. காஸ் சிலிண்டர் விற்கிற அமலதாஸ் வரவழைக்கப்பட்டான். தாங்கி வந்த நாளிலிருந்து வளாகத்து வியாபாரம் அவன் கையைவிட்டுப் போய்விட்டது.

"நேற்று எங்க நிண்டனீர்?"

"நெடுந்தீவில. மருமகன்ர பிள்ளைக்கு ஞானஸ்நானம். இண்டைக்குக் காலமைப் படகிலதான் குறிகட்டுவான் துறைக்கு வந்தனான்."

"சாட்சி?"

"கடல் காத்துக்குப் படகில வயித்தைப் புரட்டிச் சத்தி எடுத்தவை எல்லாரும் சாட்சி, அண்ணை. கேட்டுப் பாருங்கோ."

"தாங்கி செத்தா உமக்கு லாபம்."

"செத்தா சந்தோசம்தான். பொய் சொல்லேல்லை. ஆனா அதைக் கொல்லுறதெண்டா எங்க வெட்டுறது, எங்க குத்துறது? எனக்குத் தெரியாதே."

அமலதாசைச் சில்வெஸ்ரர் நம்பவில்லை. படகுக்காரனுக்குக் கைபேசியில் கோல் எடுத்துக் கேட்டார். பிறகுதான் விட்டார்.

பதினொரு மணி. குசினி முழுக்க விறகுப் புகை. அன்ரனிட்டா கண்ணைக் கசக்கியபடி பருப்புப் பானையைக் கிண்டினாள். கண்ணீர் புகையாலா, பயத்தாலா என்று சொல்ல ஏலாது.

"போத்தல் உம்முடையதோ, பிள்ளை?"

"இல்லையண்ணை. குசினிக்குள்ள குளோரீன் கூடாதெண்டு பணிப்பாளர் சேரே கட்டளை போட்டவர். கழுவுறது சாம்பலும் தேசிக்காய்ப் புளியும்தான். கையைப் பாருங்கோ, வெடிச்சுக் கிடக்கு."

"வாயு எப்ப நிண்டது?"

"இண்டைக்குத்தான் முழுக்க நிண்டது. ஆனா ஆடி பிறந்ததிலயிருந்தே மெலிஞ்சுகொண்டுதான் வந்தது. கேதீஸ்வரி மேடத்திட்டச் சொன்னனான். அடுப்பை வடிவாத் துடையும் எண்டவ."

"தாங்கிக்குத் தண்ணி?"

"கழிவோட சேர்த்து நாளாந்தம் விடுறனான். வெளியில நிக்கிற நீலப் பிளாஸ்ரிக் பரலில இருந்துதான். மேடம் தண்ணி மெசின் பக்கமிருந்து குழாய் போட்டுத் தந்தவ. தாங்கிக்கு மட்டும்தான், வேற ஒண்டுக்கும் தொடாதையும் எண்டு ஓடர்." அவள் ஓர் இரும்பு வாளியை எடுத்துக் காட்டினாள். "உயிர்த்த ஞாயிறு முடிய வாங்கின வாளி. பிடியைப் பாருங்கோ. இந்தக் காலத்துச் சாமான்!"

பிடி துருப்பிடித்து உக்கி, தொட்டால் செதில் செதிலாக உதிர்ந்தது. சாமானைக் குறை சொல்வதில் சில்வெஸ்ரர் யாருக்கும் பின்னிற்காதவர். இந்த முறை மட்டும் உதிர்ந்த செதிலை விரலில் தேய்த்துப் பார்த்தார்.

கேதீஸ்வரியின் அலுவலகத்துக்குப் பக்கத்து அறையில்தான் கிணற்று உவர்நீரைக் குடிதண்ணீராக்கும் மெசின் இரைந்துகொண்டிருந்தது. அறை வாசலில் வடிகட்டிகள், குழாய்த் துண்டுகள், தண்ணீருக்குப் போடும் மருந்துப் போத்தல்கள். மேசைக்கு மேலே கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு வாசகம்: 'ஒரு சொட்டும் வீணில்லை'.

"முந்தி நாள் தவறாமல் யாழ்ப்பாணத்திலயிருந்து தண்ணிப் பவுசர் வந்தது, சார்ஜன்," என்றார் கேதீஸ்வரி. "உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு கிழமைக்கு ரெண்டு தரம்தான். எவ்வளவு டீசல் மிச்சம், எவ்வளவு புகை மிச்சம்! மெசினிலயிருந்தும் ஒண்டும் வெளியில போறேல்லை. நான் செய்த வேலை."

"நல்ல வேலை," என்றார் சில்வெஸ்ரர். அவர் வாயில் அந்தச் சொல் வந்தால் பொலிஸ் நிலையத்தில் பழைய ஆட்கள் பயப்படுவார்கள்.

பின்னேரம் நாலு மணி. கூட்டத்துக்குக் கதிரை போட்டிருந்தார்கள். சில்வெஸ்ரர் ஒருவரையும் இருக்க விடவில்லை. எல்லாரையும் தாங்கியடிக்குக் கூட்டிப்போனார். அங்கே வாழையில் கட்டப்பட்டு ஆடு நின்றது.

"இதென்ன கூத்து, சார்ஜன்?" என்றார் வாகீசன்.

"சாட்சி, சேர்."

நீலப் பரலில் ஒரு கோப்பை தண்ணீர் அள்ளிச் சீமெந்து நிலத்தில் ஊற்றினார். ஆட்டை அவிழ்த்துவிட்டார். அது ஓடிவந்து அந்த ஈரத்தை நக்கியது. பிறகு அந்த வெற்றுப் போத்தலின் வாயை ஆட்டின் மூக்குக்கு நேரே பிடித்தார். ஆடு தும்மிக்கொண்டு பின்னால் பாய்ந்தது.

"காலமை எல்லாரும் ஆட்டைக் கலைச்சீங்கள். ஏன் நக்குதெண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. குளோரீன் ஊத்தின விளிம்பில ஆடு வாய் வைக்குமோ? கல்லால எறிய எறியத் திரும்பி வருதெண்டா, அது உப்பு. வாழை கருகினது உப்பால. வாளி உக்கினது உப்பால. இது நேற்று ஒரு ராவில நடந்த கொலையில்லை. உயிர்த்த ஞாயிறிலயிருந்து கொஞ்சம் கொஞ்சமா நடந்தது."

"பரலுக்குள்ள என்ன தண்ணி?" வாகீசனின் குரல் இறங்கியது.

"மெசின் நல்ல தண்ணியைப் பிரிச்செடுத்தா, மிஞ்சிற உப்பெல்லாம் மற்றத் தண்ணியோடதானே போகோணும்? அந்தத் தண்ணி ஒண்டும் வெளியில போறேல்லை எண்டு மேடம் சொன்னவ. அப்ப எங்க போகுது? பவுசர் வரவு குறைஞ்சும் இந்தப் பரல் வத்தேல்லை. எப்பிடி? குழாய் போட்டது ஆர்?"

எல்லாரும் கேதீஸ்வரியைப் பார்த்தார்கள்.

"நல்ல தண்ணியைக் கொண்டுபோய்க் கழிவுக் குழிக்குள்ள ஊத்தச் சொல்லுறீங்களோ?" கேதீஸ்வரி வெடித்தார். "நான் இறுப்பிட்டியில பிறந்தனான். ஒரு குடத்துக்கு எங்கட அம்மா வெயிலுக்குள்ள வரிசையில நிண்டவ. எனக்குக் கை வருமோ? உப்பு கிருமியைக் கொல்லுமெண்டு எனக்குத் தெரியாது."

"தீவில பிறந்த எவருக்கும் கை வராது. எனக்கும் வராது," என்றார் சில்வெஸ்ரர். "அது பிழை, மேடம். களவில்லை. ஆனா இண்டைக்கு விடிய அடுப்பு நிண்டவுடன உங்களுக்கு விளங்கிப்போச்சு. குசினியில இல்லாத குளோரீன் வளாகத்தில வேற எங்க இருக்கு? உங்கட மெசின் அறை வாசலில. அதில ஒரு போத்தலை எடுத்துக்கொண்டு வந்து தாங்கியடியில போட்டு இவளின்ர சோத்தில மண் அள்ளிப்போடப் பாத்தீங்களே, அதுக்கு என்ன பேர்?"

கேதீஸ்வரி லேஞ்சியை எடுத்துக் கையைத் துடைத்தார். தன் மேசைக்கு மேலே கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கிய வாசகத்துக்காகத்தான் இவ்வளவும் என்பதைச் சொல்ல அவருக்கே வெட்கமாயிருந்திருக்க வேண்டும்.

வாகீசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அன்ரனிட்டா, நீர் போய் வேலையைப் பாரும். நான் சொன்னதுக்கு மன்னியும்." பிறகு கேதீஸ்வரியின் பக்கம் திரும்பினார். "நீங்கள் என்ர அறைக்கு வாங்கோ."

அன்ரனிட்டா முன்றானையால் முகத்தை மூடிக்கொண்டு, நின்ற இடத்திலேயே குந்திவிட்டாள். ஆடு அவள் கையை நக்கியது. காலையிலிருந்து உப்புக்கண்டம் கழுவிய கை.

"சார்ஜன்," வாகீசன் பின்னால் வந்தார். அவருக்குள் நம்பிக்கை அதற்குள் திரும்பியிருந்தது. "தாங்கியை வெறுமையாக்கிப் புதுச் சாணம் போட்டு நல்ல தண்ணி விட்டா மார்கழிக்குள்ள திரும்ப எரியும். கொழும்பு ஆக்களுக்கு உள்ளதைச் சொல்லுவம். எங்கட தடம் குறையுது. இப்பவாவது நம்புறீரோ?"

சில்வெஸ்ரர் வாசல் பக்கம் பார்த்தார். வேப்பமரத்தடியில் பேராசிரியரின் வாகனம், கதவில் பச்சை இலைப் படத்தோடு, உள்ளே சாரதி நித்திரை கொள்ளக் குளிர்காற்றுக்காக இயந்திரம் ஓடியபடி உறுமிக்கொண்டு நின்றது. கூட்டம் தொடங்க முதலே அப்படித்தான் நின்றது.

"மார்கழியில எரிஞ்சா வந்து பாக்கிறன், சேர்."

சைக்கிளை எடுத்து, வாகனத்தின் புகையைச் சுற்றிக்கொண்டு, உருட்டியபடி நடந்தார்.