எண்பத்து நான்காம் வரியின் சிவப்புப் புள்ளி

எண்பத்து நான்காவது வரிக்கு இடப்பக்கம் ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது. அவள் வைத்ததல்ல.

சனிக்கிழமை மதியம் மூன்று மணி. மேல்மாடியில் யாரோ சுவரைத் துளைத்துக்கொண்டிருந்தார்கள். துணி துவைக்கும் இயந்திரம் கடைசிச் சுற்றில் கிடந்து உதறிக்கொண்டிருந்தது. கூடத்தில் மகள் கயிறு தாண்டிக்கொண்டிருந்தாள், கயிறு தரையில் படும் ஒவ்வொரு ஓசைக்கும் ஓர் எண்ணை உரக்கச் சொல்லியபடி. நூறு வராமல் நிறுத்துவதில்லை என்று அப்பாவிடம் கட்டிய பந்தயம். அப்பா போய்ப் பதினோரு வாரம் ஆகிவிட்டது. பந்தயம் மட்டும் நிற்கவில்லை.

மடிக்கணினி கணவனுடையது. அவன் பார்த்த வேலையை நிறுவனம் அவளுக்கே கொடுத்திருந்தது. இருவருக்கும் ஒரே தொழில் என்பதால் அது இரக்கமா சிக்கனமா என்று அவள் ஆராயவில்லை. விசைகளில் இன்னும் அவன் தேய்த்துக்கொள்ளும் தைலத்தின் வாசனை இருந்தது. நிரல் எழுதும் எடிட்டரின் கருநீலப் பின்னணியையோ அதில் அவன் சேர்த்துவைத்த எக்ஸ்டென்ஷன்கள் என்னும் துணைக்கருவிகளையோ அவள் மாற்றவில்லை. அவற்றில் ஒன்று, எங்கோ இருக்கும் சர்வருக்குள் ஓடும் நிரலை வீட்டிலிருந்தபடியே வரி வரியாக நடத்திப் பார்க்க உதவுவது. ஒரு வரியின் ஓரத்தில் சொடுக்கினால் சிவப்புப் புள்ளி விழும். ஓடிவரும் நிரல் அந்த வரியில் கட்டிப்போட்ட மாடு போல நிற்கும். அவிழ்த்துவிடும்வரை நகராது. எத்தனையாவது தடவை வரும்போது நிற்க வேண்டும் என்றும் புள்ளிக்குச் சொல்லிவைக்கலாம்.

நிரலும் அவன் எழுதியதுதான். ஒரு மருத்துவமனைக்காக. இறந்துபோன நோயாளிகளின் கோப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, தேதியைப் பதிந்து, மூடும். பதினோரு வாரமாக அது இரண்டு கோப்புகளை மூடியதும் மூன்றாவதில் தொங்கிவிடுகிறது. ஏன் என்று கண்டுபிடிப்பதுதான் அவளுக்குத் தந்த முதல் வேலை.

புள்ளியின்மேல் சொடுக்கினாள். மறைந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தபோது மறுபடி இருந்தது. இரண்டாம் முறை எடுத்தாள். மூன்றாம் முறை. சுவரில் எண்ணெய்க்கறை ஊறி வருவதைப் போல, மெதுவாக, நடுவிலிருந்து விளிம்புக்கு வந்தது.

அவள் 'மீட்டிங்'கைக் கூப்பிட்டாள். குழுத் தலைவன், கணவனின் நண்பன். எந்தப் பேச்சையும் மீட்டிங்கில் தொடங்கி மீட்டிங்கில் முடிப்பவன் என்பதால் கணவன் வைத்த பெயர்.

"சொல்லுங்க அண்ணி."

"எண்பத்து நாலாவது வரியில ஒரு பிரேக்பாயிண்ட் கிடக்கு. எடுத்தா திரும்பத் திரும்ப வருது."

"அண்ணன் வச்சதா இருக்கும். அவரோட கணக்குல சேமிச்சிருக்கும், அங்கேருந்து வந்து ஒட்டிக்குது."

"அவர் கணக்கை மூடியாச்சுன்னு சொன்னீங்களே."

"மூடச் சொல்லிட்டேன் அண்ணி. போன மீட்டிங்லகூட..." அவனே நிறுத்திக்கொண்டான். "ஒண்ணு பண்ணுங்க. எல்லாப் புள்ளியையும் ஒரேயடியா நீக்குறதுக்கு ஒரு பட்டன் இருக்கும். அதை அமுக்கிட்டு ஓட விடுங்க. தொங்குறதுக்குக் காரணமே அதுவா இருந்தா இன்னிக்கே வேலை முடிஞ்சுது. ஆஸ்பத்திரிக்காரங்க என் காதைத் திருகிட்டு இருக்காங்க."

"நேரா ஆஸ்பத்திரியோட லைவ் சர்வர்லயா?"

"கோப்பு மூடுற நிரல் அண்ணி. ராக்கெட்டா விடப் போறோம்?"

சர்வரில் யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்ற பட்டியலை அவள் திறந்தாள். இரண்டு பெயர்கள். ஒன்று அவளுடையது. மற்றொன்று அவனுடையது. இணைந்து எழுபத்தொன்பது நாள்.

மனத்துக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். அவன் மருத்துவமனைப் படுக்கையில், மூச்சுக்கு முகமூடி மாட்டியிருந்த நிலையில், மடிக்கணினியைக் கொண்டுவரச் சொல்லி அடம்பிடித்த நாள். செவிலியர் திட்டியும் கேட்கவில்லை. எதையோ ஒரு தடவை சொடுக்கினான். பிறகு அவள் கையை இழுத்து, உள்ளங்கையின் நடுவில் விரல்நுனியால் அழுத்தினான். எடுக்கவேயில்லை. பாசம் என்று நினைத்து அவள் அழுதாள். இரண்டு நாளில் போய்விட்டான். மடிக்கணினி இன்று காலைவரை அலமாரியில் அணைந்துதான் கிடந்தது.

ஏதோ துண்டிக்க மறந்த இணைப்பு என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். கூடத்தில் மகள் ஐம்பதைத் தாண்டியிருந்தாள்.

எல்லாவற்றையும் நீக்கும் பட்டனை அழுத்தினாள்.

புள்ளி போனது. திரும்பி வரவில்லை. பட்டியலில் இப்போது ஒரே பெயர். அறையில் தைல வாசனை சட்டென்று இல்லாமல் போனதை அவள் கவனித்தாள். ஜன்னல் திறந்திருக்கிறது என்று நினைத்தாள். பார்த்தால் மூடியிருந்தது.

நிரலை ஓடவிட்டாள்.

நிரல் கையில் எடுக்கும் கோப்பின் பெயர் பக்கத்துக் கட்டத்தில் தெரியும். முதல் பெயர் அத்தையுடையது. கணவனின் அம்மா.

அவளுக்குச் சிரிப்புதான் முதலில் வந்தது. இந்தத் தொழிலில் எல்லாரும் செய்கிற சோம்பேறித்தனம். நிரலைச் சோதிக்கப் பெயர்கள் வேண்டுமென்றால் வீட்டு ஆட்களைப் போடுவது. போன வருடம் இதே மேசையில் அவள் சண்டை பிடித்திருந்தாள்: "செத்தவங்க பட்டியல்ல போட வேற பேரே கிடைக்கலையா உங்களுக்கு?" அவன் சிரித்தான்: "தேதிக் கட்டம் காலியா இருக்கு பாரு. எல்லாருக்கும் நூறு ஆயுசு." சாப்பாட்டு மேசையில் உட்காரும் வரிசையிலேயே போட்டிருந்தான். அத்தை, அவன், மகள், அவள். சோதனை முடிந்ததும் அழிக்க வேண்டியதை மறந்து, வரிகள் அப்படியே லைவுக்குப் போயிருக்கின்றன.

அத்தையின் தேதிக் கட்டம் காலியாக இல்லை. மார்ச் மூன்று. அத்தை போன நாள்.

இரண்டாவது அவன் பெயர். தேதி சரி. நேரமும் இருந்தது. நான்கு பத்து. மருத்துவர் வெளியே வந்து முகமூடியைக் கழற்றியபோது சுவர்க் கடிகாரத்தில் அவள் பார்த்த நேரம். அவள் யாரிடமும் அதைச் சொன்னதில்லை.

மூன்றாவது பெயர் வந்தது. பள்ளிக்கூடப் பெயர், முதலெழுத்தோடு. தேதிக் கட்டம் காலி.

கை தானாக நிறுத்தும் பட்டனுக்குப் போனது. நிரல் நின்றது. நிற்கும் இடத்தைக் காட்டும் மஞ்சள் பட்டை எண்பத்தைந்தாவது வரியில் கிடந்தது. புள்ளி இருந்த இடத்தைக் கடந்து, ஒரு வரி கீழே. தேதியைப் பதிவது எண்பத்தெட்டாவது வரி.

"அறுபத்தேழு" என்று கூடத்தில் கேட்டது.

பிறகு கேட்கவில்லை.

மேல்மாடியில் துளைத்தார்கள். இயந்திரம் உதறியது. கயிற்றின் ஓசை மட்டும் இல்லை.

"குட்டிம்மா?"

எழுந்து போனாள். சாப்பாட்டு மேசை, அதைச் சுற்றி நான்கு நாற்காலிகள். அதற்கப்பால் மகள். கயிறு தலைக்கு மேல் வளைந்து நின்றது. பின்னல் இரண்டும் மேலே எழும்பியிருந்தன. வாய் அடுத்த எண்ணுக்காகத் திறந்திருந்தது. பாதங்களுக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண். அவற்றின் நிழல் தரையில் தனியாகக் கிடந்தது.

தொட்டாள். சூடாக இருந்தது. இழுத்தாள். வரவில்லை. இடுப்பைக் கட்டிக்கொண்டு தன் எடை முழுவதையும் போட்டுத் தொங்கினாள். ஒரு நூல்கூட இறங்கவில்லை.

ஓடினாள். எண்பத்து நான்கின் ஓரத்தில் சொடுக்கினாள். வட்டம் விழுந்தது. சிவப்பாக அல்ல. உள்ளே வெறுமையான சாம்பல் வட்டம். ஏற்கவில்லை என்று பொருள். எண்பத்தாறில் வைத்தாள். சாம்பல். எண்பத்தேழில். சாம்பல். துண்டிக்கும் பட்டன் மங்கிக் கிடந்தது. மின்வடத்தைப் பிடுங்கினாள்; நிரல் இங்கே ஓடவில்லை, எங்கோ ஓடுகிறது என்பது பிடுங்கிய பிறகுதான் நினைவுக்கு வந்தது. மீட்டிங்கைக் கூப்பிட்டாள். மீட்டிங்கில் இருப்பதாகத் தானாக ஒரு செய்தி வந்தது.

அவள் எதையும் தொடவில்லை. மஞ்சள் பட்டை ஒரு வரி கீழே இறங்கியது.

கூடத்தில் கயிறு ஒருமுறை தரையில் அடித்தது.

"அறுபத்தெட்டு."

ஓடினாள். மறுபடி சாண் உயரம். மறுபடி திறந்த வாய். கண்கள் மட்டும் இந்தமுறை அவள் பக்கம் திரும்பியிருந்தன.

கால்களைக் கட்டிக்கொண்டாள். இங்கிருந்தே திரை தெரிந்தது. பட்டை எண்பத்தேழில்.

"அறுபத்தொன்பது."

கைக்குள் கால்கள் ஒருமுறை துள்ளி நின்றன.

தைல வாசனை.

அவள் உள்ளங்கையின் நடுவில் ஒரு விரல்நுனி அழுத்தியது. எடுத்தது. அழுத்தியது. திரையில் எண்பத்தெட்டின் ஓரத்தில் ஒரு வட்டம் தோன்றியது, மறைந்தது, தோன்றியது. சாம்பல். சாம்பல். சாம்பல். விரல் வேகம் கூட்டியது. பட்டை இறங்கத் தொடங்கியது. மகளின் வாய், எழுபதுக்காக, திறந்தபடியே இருந்தது.