வாங்கோ என்று சொன்னவள்

"ஆரோடை கதைச்சுப்போட்டு வாறீர்?"

மலாக்கா பஸ் நிலையத்தில், தோளில் பையோடு நின்று ராஜா கேட்டது கலாவதிக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"பக்கத்து அறை மனுசியோடை. பாவம், நான் சொன்ன கதை எல்லாத்தையும் பொறுமையாக் கேட்டவ. லண்டன் பக்கம் வந்தால் கட்டாயம் எங்கட வீட்டை வாங்கோ எண்டு சொல்லிப்போட்டு வாறன்."

"பக்கத்திலை அறை இல்லையப்பா."

"பகிடி விடாதேங்கோ."

"மெய்யாத்தான். அந்தப் பலகைச் சுவருக்கு அங்காலை, வெளிச்சம் வரவும் மழைத் தண்ணி விழவும் எண்டு கூரையில்லாமல் விட்ட இடம். மேலையிருந்து கீழ் மட்டும் வெறும் காத்து. நான் எட்டிப் பாத்தனான்."

அப்போது அவள் சிரித்தாள். "காத்தெண்டாலும் மரியாதை தெரிஞ்ச காத்து. உங்களைப்போல இல்லை. கதை சொன்னால் 'ம்' எண்டாவது சொல்லும்."

வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் போன பயணம் அது. கலியாணமாகி இரண்டு வருடம் கழித்து வாய்த்த தேனிலவு. ஆற்றங்கரையையும் சிவப்புச் சாயம் பூசிய பழைய கட்டிடங்களையும், ரிக்‌ஷாக்காரர் கூப்பிடக் கூப்பிட நடந்தே பார்த்தார்கள். ஒரு கறிக்கு இரண்டு ரொட்டி வாங்கித் தெருவோரத்தில் பங்கிட்டுத் தின்றார்கள். பழைய சீன வியாபாரி ஒருவரின் நீண்ட வீட்டைப் பலகையடித்து அறைகளாக்கியிருந்த விடுதியில், எல்லாவற்றிலும் மலிவான கடைசி அறையை எடுத்தார்கள். வெயிலில் அலைந்த களைப்பில் ராஜா விழுந்து படுத்துவிடுவான். கலாவதி பலகையோடு சாய்ந்திருந்து, அந்தப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மெல்லிய செருமலிடம் தன் மனக்குறையை எல்லாம் கொட்டினாள்.

மனக்குறை ஒன்றுதான். கிறிஸ்துராஜா வேதக்காரன், அவள் சைவம். கலியாணச் செய்தியைச் சொல்ல லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருக்கும் தன் தமக்கை வீட்டுக்குப் போனபோது, கையில் கொடுத்த தேநீரைப் பாதி குடிப்பதற்குள், "எழும்பிப் போங்கோ" என்றாள் தமக்கை. அன்றைக்கு ரயிலில் திரும்பி வரும்போது கலாவதி ஒரு சபதம் எடுத்தாள். தன் வீட்டுக்கு வந்த எவரையும் அந்த வார்த்தை சொல்லி அனுப்புவதில்லை.

ஆனால் வருவதற்குத்தான் எவரும் இல்லை. தோர்ண்டன் ஹீத்தில் அவர்கள் வாடகைக்கு இருந்த மேல்மாடி வீட்டில், பழைய சாமான் கடையில் வாங்கிய மேசைக்கு நாலு கதிரைகள். இரண்டில் ஒருவரும் இருந்ததேயில்லை. அவற்றையும் அவள் விடாமல் துடைத்து வைப்பாள்.

லண்டன் திரும்பிய பிறகு வந்த தை மாதத்தில் ஒரு நாள், பின்னேரமே இருண்டு, கண்ணாடி யன்னலில் குளிர் படிந்திருந்த வேளையில், குசினியில் வெங்காயத்தை வதக்கியபடி, வேலையிடத்தில் நடந்த சண்டையை அவள் முன்னறையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ம்" என்று பதில் வந்தது.

"அட, இண்டைக்கு உங்கட காது திறந்திருக்கே!"

"ம்."

அப்போதுதான் கீழே தெருக்கதவில் சாவி திரும்பியது. ராஜாவின் சப்பாத்துச் சத்தம் ஒவ்வொரு படியாக மேலே ஏறி வந்தது.

அவள் கரண்டியோடு அசையாமல் நின்றாள். வெங்காய வாசத்துக்கும் காஸ் ஹீட்டரின் புழுக்கத்துக்கும் அடியில் இன்னொரு மணம் இருந்தது. வெகு காலமாக மழைத் தண்ணீர் விழுந்து பாசி பிடித்த கல்லின் மணம்.

ராஜா முன்னறை வாசலிலேயே நின்றுவிட்டான். ஒருபோதும் ஆள் இருக்காத கதிரை ஒன்று மேசையிலிருந்து சற்றுப் பின்னால் இழுபட்டிருந்தது.

கலாவதி கரண்டியை வைத்துவிட்டு முன்னறைக்கு வந்தாள். முகத்தை நிமிர்த்தினாள்.

"என்ர சொந்தம் ஒண்டும் மிதியாத படியை மிதிச்சு ஒரு ஆள் வந்திருக்கு. வந்தவையை நான் வெறும் வாயோடை இருத்திறேல்லை."

"கலா, விசர் வேலை பாக்காதேயும்!"

அவள் கேட்கவில்லை. தேத்தண்ணி ஊற்றி, சீனி போட்டு, அந்தக் கதிரைக்கு முன்னால் வைத்தாள். அவர்கள் சாப்பிட்டு முடித்துத் திரும்பிப் பார்த்தபோது, கப் அடிவரை உலர்ந்து கிடந்தது. அடியில் தங்கும் சீனிகூட இல்லை.

அதற்குப் பிறகு அது போகவில்லை.

"போகச் சொல்லும். கூப்பிட்டது நீர். நான் சொன்னால் அது எழும்பாது" என்று ராஜா தினமும் கெஞ்சினான்.

"மாட்டன். அந்தச் சொல்லை எங்களுக்குச் சொன்னவை இருக்கினம். என்ர வாயாலை அது வராது."

வீம்புதான். தனக்குத் தெரிந்தேதான் அவள் வீம்பு பிடித்தாள். ஆனால் அது தானாகவே போகட்டும் என்று பேச்சை நிறுத்திப் பார்த்தாள். ஒரு நாள் முழுக்க வாயே திறக்கவில்லை. விளக்கேற்றும் நேரம் கதிரைப் பக்கத்திலிருந்து, "ம்?" என்று வந்தது. கேட்பது போல. சிறிது பொறுத்து மறுபடியும், "ம்?" இந்த முறை காதுக்குப் பக்கத்தில். அவள் கத்திவிட்டாள்.

அன்றிலிருந்து ராஜா கதை சொல்லத் தொடங்கினான். மனைவியை அது தொந்தரவு செய்யக்கூடாது என்றுதான். நாலு வார்த்தை சேர்த்துப் பேசாத மனுசன், அந்தக் கதிரைக்கு எதிரே இருந்து, தன் ஊரான பாசையூரின் கடலையும் தகப்பனின் வள்ளத்தையும் கொழும்புக்கு ஓடிப்போனதையும் சொன்னான். கலாவதி வேலை முடிந்து வரும்போதும் சொல்லிக்கொண்டிருப்பான். உதடு வெடித்து, தொண்டை கட்டி, வேலைக்கும் போகாமல்.

"இஞ்சேருங்கோ, அம்மாவுக்குக் காசு அனுப்ப வேணுமெல்லே?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"ஆரின்ரை அம்மாவுக்கு?"

"உங்கட அம்மாவுக்கு."

அவன் எதிர்க் கதிரையைப் பார்த்தான். "அவவைப் பற்றி நேற்றுச் சொல்லி முடிச்சிட்டன்" என்றான். முகத்தில் துக்கமே இல்லை.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. சொல்லி முடிந்த கதையையும் அது தேத்தண்ணியைப் போலக் குடித்துவிடுகிறது. அடியில் எதுவும் மிஞ்சாது.

மறுநாள் வேலையிடத்தில் சொல்லிக்கொள்ளாமலே பாதியில் ஓடி வந்தாள். பஸ் நகரவில்லை. இறங்கி நடந்தாள். அதைப் போகச் சொல்லிவிட வேண்டும். சபதமாவது மண்ணாங்கட்டியாவது. படியில் ஏறும்போதே அவனுடைய குரல் கேட்டது. அவர்களுடைய கலியாணக் கதை. பதிவுக் கந்தோர். மழை. அவள் கட்டியிருந்த நீலச் சேலை.

"...அந்தப் பிள்ளையின்ரை பேர்..." என்று அவன் தடுமாறினான்.

"ம்?"

"கலாவதி" என்றான்.

அவள் கதவைத் தள்ளினாள். இரண்டு கதிரைகளும் ஒன்றாகப் பின்னால் நகர்ந்தன. ராஜா எழுந்து நின்று கோட்டைப் போட்டுக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்துச் சிரித்தான். முன்பின் தெரியாதவர்களைப் பார்த்துச் சிரிக்கும் மரியாதையான சிரிப்பு.

"இருங்கோ அக்கா. இவ வெளிக்கிடுறா. நான் றோட்டடி மட்டும் போய் வழியனுப்பிப்போட்டு வாறன்."

ஊர் வழக்கம். விருந்தாளியைத் தனியே அனுப்புவதில்லை.

அவன் அவளைக் கடந்து போனான். கூடவே ஒரு குளிரும் கடந்து போனது. படிகளில் இரண்டு பேர் இறங்கும் சத்தம். ஒன்று சப்பாத்து. மற்றது வெறுங்கால். ஈரமான வெறுங்கால்.

கலாவதி பாய்ந்து இறங்கினாள். செருப்பு எங்கோ கழன்றது. உறைபனி படிந்த நடைபாதை உள்ளங்காலைக் கடித்தது. தெரு விளக்கைத் தாண்டி, இருட்டுத் தொடங்கும் இடத்துக்கு அவன் போய்விட்டிருந்தான். ஓடிப்போய் அவனுடைய இடக் கையைப் பிடித்தாள். இரண்டு கைகளாலும். இழுத்தாள்.

அவன் நின்றான். முகத்தில் அதே சிரிப்பு.

அவனுடைய வலக் கை மட்டும் நிற்கவில்லை. இருட்டை நோக்கி அது நேராக நீண்டிருந்தது. விரல்கள் ஒன்றோடொன்று நசுங்கி வெளுத்திருந்தன. மணிக்கட்டில் தோல் நாலு இடத்தில் பள்ளம் விழுந்து அமுங்கிக் கிடந்தது. அந்தப் பள்ளங்கள் இன்னும் ஆழமாகிக்கொண்டிருந்தன. தோள்மூட்டில் ஏதோ மெல்ல நெரிந்தது.

எதிர் வீட்டுத் திரைச்சீலை விலகியது. பார்க்கட்டும். தெரு முழுக்கப் பார்க்கட்டும். கலாவதி குதிக்காலை நிலத்தில் ஊன்றி, அந்த வெறும் இருட்டின் முகம் இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்து நிமிர்ந்தாள்.

"நான்தான் கூப்பிட்டனான். நானே சொல்லுறன். இவர் என்ர மனுசன், இவரைத் தரமாட்டன். கையை விட்டிட்டுப் போங்கோ!"