கையை ஆட்டினால் எரியும் விளக்கு

பூட்டிக் கிடக்கிற அறைக்குள் தினமும் யாரோ போய் வருவதாக வரைபடம் காட்டியது.

அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தாள். பல்கலைக்கழகத்து ஆய்வகக் கட்டடத்தில் எந்த அறையில் எப்போது ஆள் இருந்தது, எவ்வளவு மின்சாரம் போனது என்று மாதக் கடைசியில் பார்த்து எழுதுவது அவள் வேலை. விடுமுறை தொடங்கியதும் எல்லா அறைகளின் கோடுகளும் தரையோடு படுத்துவிட்டன. அடித்தளத்து நைட்ரஜன் அறைக்கு மட்டும் தினமும் மாலை நான்கு மணி பத்து நிமிடத்துக்கு ஒரு மேடு. இருபத்திரண்டு நிமிடம் நின்று, பிறகு இறங்கியது.

அந்த அறையின் சாவி மூன்று மாதமாக அவளுடைய மேசை இழுப்பறையில்தான் இருந்தது.

எலியாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். சொன்ன வாய்க்கே அது ருசிக்கவில்லை.

கட்டடத்தில் அவளுக்கு ‘சுவிட்ச் அம்மா’ என்று பெயர். அந்தப் பெயரில் அவளுக்கு உள்ளூரப் பெருமையும் உண்டு. பாதி காலியாக ஓடிக்கொண்டிருந்த பதினான்கு உறைபெட்டிகளைக் காலி செய்து அணைத்தவள் அவள். மீதியை மைனஸ் எண்பது டிகிரியிலிருந்து மைனஸ் எழுபதுக்கு ஏற்றியவள். ஒரு தடவை தொட்டுத் தூக்கி எறிந்த பிளாஸ்டிக் குப்பிகளுக்குப் பதிலாகக் கழுவி எடுக்கும் கண்ணாடிக் குப்பிகளைத் திரும்பக் கொண்டுவந்தவள். கூரைதோறும் முட்டை அளவில் வெள்ளைக் குமிழ்களைப் பொருத்தியவளும் அவள்தான். ஆள் அசைந்தால் விளக்கு எரியும், அறைக் காற்றை வெளியேற்றும் காற்றாடி முழு வேகத்தில் ஓடும். அசைவில்லை என்றால் ஐந்தே நிமிடத்தில் விளக்கு அணையும், காற்றாடி அடங்கும்.

“அண்ணி, நீங்க போற வேகத்தைப் பார்த்தா, நான் மூச்சு விடுறதுக்கும் ஒரு மீட்டர் மாட்டிடுவீங்க போல!” என்பான் கொழுந்தன்.

“மாட்டினா என்ன தம்பி? நீங்க பேசுற பேச்சுக்கே பாதிக் காத்து போயிடுது.”

நைட்ரஜன் அறைத் தொட்டியிலிருந்து திரவ நைட்ரஜனைக் குடுவைகளில் நிரப்புகிற வேலையை அவனுக்கு வாங்கிக் கொடுத்தவளும் அவளே. கறி சாப்பிடும்போது அண்ணிக்கென்று ஈரலைத் தனியே எடுத்து வைக்கிற பிள்ளை அவன்.

துறைகளுக்கு இடையே மின்சாரச் சேமிப்புப் போட்டி வந்தது. நைட்ரஜன் அறை ஒன்று மட்டும் அவள் காலை வாரியது. தொட்டியிலிருந்து எழும் வெண்புகை அசைவதைக்கூட ஆள் என்று எண்ணி, அந்தக் குமிழ் காற்றாடியை நாள் முழுக்க ஓடவிட்டது. நான்கு வீட்டுக்கு ஆகிற மின்சாரம் அந்த ஓர் அறைக்கே போனது. அவள் துறை இரண்டாம் இடம். கடைசி வாரம். அவள் முக்காலி போட்டு ஏறி, குமிழின் மேல் ஒரு துண்டுக் கறுப்பு நாடாவை ஒட்டினாள். ஒரு வாரம்தானே. அவனிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். அன்று மறந்தாள். மறுநாளும் மறந்தாள்.

மூன்றாம் நாள், மாலை நான்கு பத்துக்கு உள்ளே போனவனை இருபத்திரண்டு நிமிடம் கழித்து வெளியே தூக்கினார்கள்.

நைட்ரஜனுக்கு வாசனை இல்லை, நிறமும் இல்லை. சத்தமில்லாமல் காற்றைத் தள்ளிவிட்டு அதன் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். நடைபாதை வெளிச்சம் கதவுக் கண்ணாடி வழியே விழுந்ததால், அது போதும் என்று அவன் நின்று வேலை பார்த்திருக்கிறான். கண்டெடுத்தபோது வலது கை தலைக்கு மேலே தூக்கியபடியே இருந்தது. விளக்கு எரியட்டும் என்று ஆட்டிய கை.

எல்லோரும் அவனோடு ஓட, அவள் மட்டும் பின்தங்கி, முக்காலியில் ஏறி நாடாவைப் பிய்த்தாள். எறிய இடம் தேடி, இடம் கிடைக்காமல், பர்ஸில் குடும்பப் படத்துக்குப் பின்னால் மடித்து வைத்தாள். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது.

ஆக்ஸிஜன் குறைந்தால் கத்துகிற சின்னக் கருவியை ஆன் செய்து சட்டையில் மாட்டாமல் கொக்கியிலேயே விட்டுவிட்டான் என்று சாவு விசாரணையில் எழுதினார்கள். ‘சொந்த அலட்சியம்.’ தொட்டியை வேறிடம் மாற்றி அறையைப் பூட்டினார்கள். மாமியாருக்கு அன்றிலிருந்து ஒரே வார்த்தை. “சின்ன வயசுலேர்ந்தே அவன் அப்படித்தான். எதுலயும் கவனம் கிடையாது.” பெற்றவளே அப்படிச் சொல்லும்போது, ஒரு வார்த்தை சொன்னால் அந்தப் பழி அவனை விட்டு இறங்கும் என்று தெரிந்தும், அவள் குழம்பைக் கிளறிக்கொண்டே நின்றாள்.

இன்று மணி நான்கு ஐந்து. சாவியையும் பர்ஸையும் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

அடித்தளத்துக்கு ஜன்னல் கிடையாது. பழைய ஈரத்தின் வாடையும் அணைத்து வைத்த உறைபெட்டிகளின் ரப்பர் வாடையும் கலந்து தொண்டையில் படிந்தன. நடைபாதை விளக்குகள் அவள் வர வர ஒவ்வொன்றாக எரிந்தன. பாதி வழியில்தான் கவனித்தாள். அவள் காலடிக்கு ஒரு விளக்கு முந்தி எரிந்துகொண்டிருந்தது. யாரோ அவளுக்கு முன்னால் நடப்பது போல.

அவள் நின்றாள். முன்னால் இன்னும் ஒன்று எரிந்தது.

கோடியில் அந்தக் கதவு. அதன் கண்ணாடிக்குள் வெளிச்சம். உள்ளே காற்றாடி முழு வேகத்தில் இரைந்துகொண்டிருந்தது.

பூட்டில் சாவி வழுக்கியது. திறந்தாள். யாரும் இல்லை. தொட்டி இருந்த இடத்தில் தரையில் ஒரு வெள்ளை வட்டம். கொக்கியில் அந்தச் சின்னக் கருவி, தூசியோடு. கூரையில் குமிழ், வெறுமையாக. இரண்டு அடி உள்ளே வைத்தாள். போன் அடித்தது. அவள் கணவர்.

“இன்னும் வேலை முடியலையா?”

“இதோ, வந்துட்டேங்க.”

“அம்மா கேக்கச் சொன்னாங்க. அவன் பொருள் ஏதாவது அங்க கிடந்தா எடுத்துட்டு வா. ஏன்டி, நீ கூடவே இருந்தவ. அவன் ஏன் அவ்வளவு அலட்சியமா உள்ள போனான்? எனக்கு மனசே ஆறல.”

கருவியைப் பார்த்தாள். நாக்கு நுனி வரை வந்தது. இவ்வளவு நாள் வராதது, அவ்வளவு பக்கத்தில்.

“அவர் சுபாவம் அப்படிங்க. நாம என்ன செய்ய முடியும்?”

விளக்கு அணைந்தது.

காற்றாடி பெருமூச்சுப் போல இறங்கி, இறங்கி, நின்றது. பின்னால் கதவு தானாகச் சாய்ந்து மூடிக்கொண்டது. குளிர் காற்று வீணாகக் கூடாது என்று அவள்தான் அந்தக் கதவுகளைத் தானாக மூடும்படி வைத்தாள்.

“என்னங்க? கேக்குதா?”

போன் செத்திருந்தது.

கதவை இழுத்தாள். அசையவில்லை. சாவி வெளியே பூட்டில்.

கையைத் தூக்கி ஆட்டினாள். இருட்டு. இன்னும் உயர்த்தி ஆட்டினாள். இருட்டு. நடைபாதை வெளிச்சம் கூரையில் லேசாக விழுந்தது. குமிழின் மேல் ஒரு கறுப்புத் துண்டு. ஓரம் பிய்ந்திருந்தது. நடுவில் மடிப்பு.

பர்ஸைத் திறந்தாள். குடும்பப் படம் இருந்தது. அதன் பின்னால் ஒன்றும் இல்லை.

கணுக்காலில் குளிர் ஏறியது. தொட்டி இல்லாத அறையில். முழங்கால். இடுப்பு. வாசனையே இல்லை.

“நான்தான் ஒட்டினேன்!” கதவை அறைந்தாள். “தம்பி மேல தப்பில்ல! நான்தான்!”

கேட்க யாரும் இல்லை. வெளியே, படிக்கட்டுப் பக்கத்திலிருந்து விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்து வந்தன. அசைவில்லை என்றால் ஐந்து நிமிடம். அவளே வைத்த கணக்கு.

மிஞ்சியது கதவுக்கு நேரே ஒன்று. மூச்சு பாதியில் நின்றது. கையை மட்டும் விடாமல் ஆட்டினாள். கண்ணாடியில் அந்தக் கை தெரிந்தது.

அதற்குப் பின்னால், சற்று உயரத்தில், இன்னொரு கை. உள்ளங்கை முழுக்க உறைபனி. அவசரமே இல்லாமல், சலிக்காமல், மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

கடைசி விளக்கும் அணைந்தது.