படகு நிறுத்த இடம் உண்டு!

செல்போன் அலறியது.

இன்ஸ்பெக்டர் கார்குழலி அப்போதுதான் இட்லியில் கை வைத்திருந்தாள்.

"மேடம்! எண்ணூர் முகத்துவாரத்துல ஒரு பாய்மரப் படகு மணல் திட்டுல ஏறி சாஞ்சு கெடக்கு. ஒரு ஆள் காலி!" மறுமுனையில் ஏட்டு ஜெயவேல் மூச்சு வாங்கினார்.

"யாரு?"

"காத்திவாக்கம் வல்லரசு. வெளியூர் படகுக்கு வழி காட்டுறவன். மண்டை பொளந்து கீது மேடம்... ஊர்க்காரங்க படகு ஓனரைக் கட்டி வச்சிருக்காங்க. சீக்கிரம் வாங்க, இல்லாங்காட்டி ரெண்டு பாடி!"

இட்லி தட்டிலேயே கிடந்தது.

கரையில் படகு ஓனர் ரஞ்சித் ஒரு கட்டுமரத்தோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தான். பெங்களூரில் கம்பெனியை விற்றுவிட்டு, விசாகப்பட்டினத்திலிருந்து பாண்டிச்சேரிக்குச் சொந்தப் படகில் கிளம்பிய பணக்காரன். கடலில் அவனுக்குப் பயமில்லை. கரைதான் பிரச்சினை! காரை நிறுத்தவே இடம் கிடைக்காத ஊரில் சொகுசுப் படகை எங்கே நிறுத்துவது? காசிமேட்டில் மீன்பிடி லாஞ்சுகளே ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கின்றன.

"இன்டர்நெட்ல பார்த்தேன் மேடம். 'எண்ணூரில் பாதுகாப்பான படகுத்துறை. தண்ணீர், கரண்ட், காவல் உண்டு'ன்னு போட்டிருந்தது. அஞ்சு ஸ்டார்! கடலுக்கே ஆள் வந்து உள்ளே கூட்டிட்டுப் போவார்னாங்க. வல்லரசு வந்து ஏறினார்."

"சுக்கானை யார் பிடிச்சது?"

"அவர்தான்!"

"பொய்யி!" கூட்டத்தில் ஒருவன் பாய்ந்தான். "வல்லரசு கண்ண மூடிக்கினே உள்ள வருவான். அவனா திட்டுல ஏத்துவான்? இந்தாளு தண்ணி போட்டுக்கினு ஏத்திட்டு, கேட்டவன அட்ச்சுப் போட்டு கீறான்!"

கார்குழலிக்கும் அதே சந்தேகம்தான். தலையில் காயம். படகில் வேறு ஆளில்லை. கொலைக் கேஸ் போட இது போதாதா? ரஞ்சித்தின் ஆயுசில் பாதி ஜெயிலில்தான்.

"நம்புங்க மேடம்... நல்லாத்தான் ஓட்டிட்டு வந்தார். திடீர்னு கரையைப் பார்த்தார். முகம் வெளிறிப் போச்சு. 'ஐயோ, எம் பொண்ணு!'ன்னு ஒரே கத்தல்! சுக்கானைத் திருப்பி நேரா கரைக்கு விட்டார். அடி தட்டிடுச்சு. படகு சாஞ்ச வேகத்துல பாய்க்கட்டை சுழன்று வந்து அவர் மண்டையில..." ரஞ்சித் அழுதுவிட்டான்.

"கரையில என்ன இருந்தது?"

"ஒரு மூங்கில். அதுல கறுப்புத் துணி."

ஜெயவேல் திடுக்கிட்டார்.

"மேடம்! இந்தக் குப்பத்துல எழவு வுழுந்தா, செத்த வூட்டுக்கு எதிர்க்க கறுப்புக் கொடி நடுவாங்க. கடல்ல கீறவங்க அதப் பாத்துட்டு வலைய அப்படியே வுட்டுட்டு கரைக்கு ஓடியாருவாங்க."

"இன்னிக்கு யார் செத்தது?"

"யாரும் சாவலையே மேடம்!"

"வல்லரசு பொண்ணு?"

"மகிழினியா? அதோ, ஸ்கூல் டிரெஸ்ஸோட நிக்குது."

கார்குழலி விடுவிடுவென்று நடந்தாள். வல்லரசு வீட்டுக்கு எதிரே கொடி இல்லை. ஈர மணலில் மூங்கில் நட்ட குழி மட்டும் இருந்தது.

சாகாத பிள்ளைக்குக் கொடி! எவன் செய்த வேலை?

விளம்பரம் போட்ட ராயபுரம் ஒவைஸைப் பிடித்து வந்தார்கள். அவனுடைய 'பாதுகாப்பான படகுத்துறை' ஓடைக்குள் இற்றுப்போன ஒரு சிமெண்ட் மேடை! விளம்பரத்தில் இருந்த படம் எந்த நாட்டு ஊரோ.

"உன் துறை டுபாக்கூர். படகு வந்து சேர்ந்தா மாட்டிப்பே. அதனால கொடி நட்டு வழியிலேயே கவுத்துட்டே. சரியா?"

"இன்னா மேடம், பேஜாரு பண்றீங்கோ! துறை டுபாக்கூருதான், ஒத்துக்கறேன். வர்றவன் என்னைத் திட்டுவான். வேற போக்கிடம் இல்லாம அங்கயே கட்டிக்குவான். அதுக்கா கொலை பண்ணுவேன்? வல்லரசு என் தோஸ்து மேடம். அவன் இல்லாங்காட்டி ஒரு படகு உள்ள வராது. அவன் வூட்டாண்ட நான் வந்ததுகூட கெடையாது. அவனே வர்றதில்ல! ராயபுரத்துல இன்னொரு குடும்பம்..."

ஒவைஸ் நாக்கைக் கடித்துக்கொண்டான். கடித்து என்ன பயன்? கார்குழலி ஏற்கெனவே வல்லரசின் வீட்டு வாசலில் நின்றாள்.

உள்ளே அவன் மனைவி சொக்கம்மாள் அழாமல் உட்கார்ந்திருந்தாள். கதவுக்குப் பின்னால் மூங்கில். நுனியில் கிழிந்த குடைத் துணி. அடியில் ஈர மணல்.

"நீயா?"

"நான்தான் மேடம். வுழுந்துட்டார்னு தெரிஞ்சதும் புடுங்கியாந்துட்டேன்."

"ஏம்மா?"

"எவன் படகுக்கோ எடம் காட்டிக்கினு எங்க வூட்டு எதிர்க்கவே போவாரு. இந்தப் பொண்ணு கரையில நின்னு கையாட்டும். திரும்பிப் பாக்கமாட்டாரு. யாரு செத்தாங்கோன்னு கேக்கவாவது வருவாரான்னு நட்டேன்."

"நடுவுல மணல் திட்டு இருக்கறது தெரியாது?"

"முட்டிக்கால் தண்ணியில போவற ஃபைபர் படகு மேடம் எங்களது! முன்னெல்லாம் அந்தத் திட்டு மேலயே நேரா வூட்டுக்கு வருவாரு. இந்தப் படகுக்கு அடியில ஆளொசரம் இரும்பு கீதுன்னு, அது சாஞ்சு கெடக்கறப்பதான் பாத்தேன்." அவள் குரல் உடைந்தது. "அவருக்குத் தெரியும் மேடம்... கையாட்டுற பொண்ண இன்னிக்கு கரையில காணோம். பொண்ணுன்னதும் மறந்துட்டாரு."

வராத புருஷன் ஒரே ஒரு முறை ஓடி வந்தான். வந்ததற்காகவே செத்தான். இதற்கு எந்த செக்ஷன் போடுவது?

வெளியே ஜெயவேல் ரஞ்சித்தின் கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அவன் கேட்ட முதல் கேள்வி, "சார், பாண்டிச்சேரியிலயாவது நல்ல துறை இருக்கா?"

கார்குழலி சொக்கம்மாளிடம் மெதுவாகச் சொன்னாள்.

"பாடி பெரியாஸ்பத்திரிக்குப் போயிருக்கு. போஸ்ட்மார்ட்டம் முடிஞ்சு சாயந்திரம் வீட்டுக்கு வந்துடும். காரியம் முடியட்டும். அப்புறம் நீ ஸ்டேஷனுக்கு வா."

சொக்கம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கசப்பாகச் சிரித்தாள்.

"நல்ல வைத்தியந்தான் மேடம் அந்த போஸ்ட்மார்ட்டம்... ராயபுரத்தை மறந்துட்டு நேரா வூட்டுக்கு வர்றாரே!"