மீராசாஹிபு வீட்டு எர்த் வயர்

பிரேமினியின் கந்தோருக்குள் வந்த உம்மு ஸல்மா கதிரையில் உட்காரவில்லை. நின்றபடியே விஷயத்தைச் சொன்னார்.

"பக்கத்து வீட்டு நவ்ஷாத்தான் எங்கட சோலர்ர எர்த் வயரைக் களவெடுத்தவன் எண்டு நீங்கள் எழுதித் தரவேணும், மிஸ். நாளைக்குக் கோட்டில வழக்குக்குக் குடுக்க."

பிரேமினி மின்பொறியியலாளர். கடை எரிந்தாலும் மோட்டார் கருகினாலும் காப்புறுதிக் கம்பனிகள் காரணம் தேட அவளைத்தான் அனுப்பும். காரணம் தெரியாமல் ஒரு வரியும் எழுதமாட்டாள் என்று மன்னாரில் அவளுக்குப் பெயர். அவளை ஊரூராக ஏற்றித் திரியும் ஓட்டோக்காரர் சனூனுக்கோ போகிற வழியிலேயே காரணம் தெரிந்துவிடும். பெரும்பாலும் பிழையாகத் தெரியும்.

நடந்தது இதுதான். உம்மு ஸல்மாவின் கணவர் மீராசாஹிபு முந்தைய நாள் கூரையில் ஏறி, கடற்காற்றில் உப்புப் படிந்த சோலர் பலகைகளைக் கழுவியிருக்கிறார். பலகைகளைத் தாங்கும் அலுமினியச் சட்டத்தைப் பிடித்ததும் மின்சாரம் அடித்துத் தூக்கி எறிந்தது. விழுந்த இடம் மணல் என்பதால் உயிர் தப்பினார், இடுப்பெலும்பு உடைந்துவிட்டது. சோலர் பொருத்தும் தொழில் செய்து, இந்த வீட்டிலும் அதைப் பூட்டிய ஸப்ராஸ், உம்மு ஸல்மாவின் சொந்தத் தம்பி, ஓடி வந்து பார்த்தான். எர்த் வயரைக் காணவில்லை. பழைய இரும்பு வாங்கி விற்கும் நவ்ஷாத் போன கிழமை வீட்டின் பின்பக்கம் நின்றதைக் கண்டதாகப் பொலிஸிலும் சொன்னான். நவ்ஷாத்தின் கொட்டிலில் செப்புக் கம்பி அகப்பட்டது. இன்று காலை நவ்ஷாத்தைப் பொலிஸார் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

"எங்கட வீட்டில சாப்பிட்டு வளந்தவன், மிஸ். அவனே இப்பிடிச் செய்தால் ஆரை நம்பிறது?"

பிரேமினி அவரை அழைத்துக்கொண்டு அவருடைய ஊரான எருக்கலம்பிட்டிக்குப் புறப்பட்டாள். கொட்டிலில் செம்பு இருந்த பிறகு இதில் தேட என்ன இருக்கிறது என்று சனூன் வழிநெடுகக் கேட்டார். பழைய இரும்புக்காரர் கொட்டிலில் செம்பு இல்லாவிட்டால்தான் யோசிக்கவேண்டும் என்றாள் அவள்.

வீட்டை அடைந்ததும் மின்சாரத்தை நிறுத்தச் சொல்லி, ஏணியில் ஏறினாள். ஒரு பலகையின் அடியில் வயரின் மேலுறை சட்டத்தில் உரசித் தேய்ந்திருந்தது. உள்ளே இருந்த கம்பி சட்டத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. இறங்கி வந்து அதை உம்மு ஸல்மாவுக்கு விளக்கினாள். கூரைச் சட்டத்தையும் நிலத்தில் இறக்கிய எர்த் கம்பியையும் ஒரு பச்சை வயர் இணைத்திருக்கவேண்டும். அது இருந்திருந்தால் கசிந்த மின்சாரம் நிலத்துக்குப் போயிருக்கும்; இன்வேட்டரும் கோளாறைக் காட்டி நின்றிருக்கும். அது இல்லாததால் மின்சாரம் மீராசாஹிபின் கைக்காகக் காத்திருந்தது.

பிறகு பின்சுவரடியில் குந்தினாள். எர்த் கம்பியின் தலை மணலுக்கு மேல் தெரிந்தது. வயரைப் பிடிக்கும் பித்தளைக் கிளாம்பு அதிலேயே இருந்தது. நட்டைத் திருகிப் பார்த்தாள், அசையவில்லை. எழுந்து, அதற்கு நேர் மேலே வெள்ளைச் சுவரை உள்ளங்கையால் தடவினாள்.

சுவருக்கு எப்போது பெயின்ற் அடித்தது என்று கேட்டாள். மகள் றிப்காவின் கலியாணத்துக்கு முதல் என்றார் உம்மு ஸல்மா. இரண்டு மாதத்துக்கு மேல் இருக்கும். ஸப்ராஸே வந்து, கூலி எதுவும் வாங்காமல், பின்சுவர்வரை தன் கையால் அடித்துத் தந்தானாம். அதைச் சொல்லும்போது அவருடைய குரல் கொஞ்சம் இளகியது.

பிரேமினி ஸப்ராஸை வரச் சொன்னாள். நவ்ஷாத்தின் மனைவி சரீபாவையும் அழைத்தாள். சரீபா வந்து வேலியோரமாக நின்றார். உம்மு ஸல்மா அவர் பக்கம் திரும்பவில்லை.

"நீங்கள் பெயின்ற் அடிக்கேக்க எர்த் வயர் சுவரில இருந்ததோ?" என்று பிரேமினி ஸப்ராஸிடம் கேட்டாள்.

"ஓம் மிஸ். கிளிப் அடிச்சு நிலம்வரைக்கும் இறக்கியிருந்தனான். அதில படாமச் சுத்தித்தான் அடிச்சனான். போன கிழமைதானே களவு போனது."

"அப்ப வயருக்குப் பின்னால பழைய நிறம் ஒரு கோடா நிக்கவேணுமே. கோடு எங்க?"

ஸப்ராஸ் சுவரைப் பார்த்தான். மேலிருந்து கீழ்வரை ஒரே வெள்ளை.

"அக்கா, இதில தடவிப் பாருங்கோ" என்றாள் பிரேமினி. உம்மு ஸல்மா விரலை வைத்தார். ஒரு சின்ன மேடு தட்டுப்பட்டது. அதற்குக் கீழே இன்னொன்று. கூரையிலிருந்து நிலம்வரை ஒரே நேராக இறங்கின.

"கிளிப் அடிச்ச துளைகள். சீமெந்து வைச்சு அடைச்சு, அதுக்கு மேல பெயின்ற் அடிச்சிருக்கு. போன கிழமை வந்த கள்ளன் இதையெல்லாம் செய்திட்டுப் போகேலாது. கலியாணத்துக்கு முதலே வயர் போயிட்டுது."

"அப்பவும் நவ்ஷாத் பக்கத்திலதானே இருந்தவர்?" என்றார் சனூன், விடாமல்.

"பழைய இரும்புக்காரர் பித்தளையை விட்டுட்டுப் போவாரோ? வயரைக் கழட்டின பிறகு நட்டைத் திரும்பப் போட்டு இறுக்குவாரோ? அது வயர் வேலை செய்யிற ஆள்ர கைப்பழக்கம். துளையை அடைச்ச கையும் பெயின்ற் அடிச்ச கையும் ஒண்டுதான். வேற ஆரும் இந்தச் சுவரைத் தொடேல்ல."

ஸப்ராஸ் சுவரோடு சாய்ந்து கீழே உட்கார்ந்துவிட்டான். பிறகு எல்லாவற்றையும் சொன்னான். நானாட்டானில் அவன் சோலர் பூட்டிய ஒரு வீட்டுக்கு மின்சாரக் கந்தோரிலிருந்து பரிசோதிக்க வரும் நாள். கொழும்பிலிருந்து வயர் வந்து சேரவில்லை. அக்கா வீட்டைத்தான் ஏற்கெனவே பரிசோதித்தாயிற்றே என்று, ஒரு நாளைக்கென்று கழற்றிக்கொண்டு போனான். யாரும் கவனிக்கவில்லை. பிறகு அதே வயரை அங்கிருந்து கழற்றி வெள்ளாங்குளத்தில் பூட்டினான். அதற்குப் பிறகும் சில வீடுகள். கலியாண வீட்டுக்கு வருகிறவர்கள் வெறும் கிளிப்புகளைக் கண்டு கேட்பார்கள் என்றுதான் அவற்றைக் கழற்றிவிட்டுப் பெயின்ற் அடித்தான்.

உம்மு ஸல்மாவின் விரல் இன்னும் சுவரில் இருந்தது.

"வயரை எடுத்தாய், சரி. நவ்ஷாத்ர பேரை ஏன்டா சொன்னாய்?"

"மச்சான் விழுந்தவுடன பயந்திட்டன், ராத்தா. அவன்ர கொட்டில்ல செம்பு இருக்குமெண்டு தெரியும்."

உம்மு ஸல்மா சுவரிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

எந்தெந்த வீடு என்று பிரேமினி ஒவ்வொன்றாகக் கேட்டு, எர்த் வயர் பூட்டும்வரை சோலரை நிறுத்திவைக்கும்படி அங்கிருந்தே எல்லோருக்கும் தொலைபேசியில் சொன்னாள். பிறகு எல்லோருமாகப் பொலிஸுக்குப் போனார்கள். ஸப்ராஸ் தன் வாக்குமூலத்தை மாற்றிச் சொல்லிவிட்டு உள்ளேயே இருந்தான். அஸர் தொழுகைக்குப் பிறகு நவ்ஷாத்தை வெளியே விட்டார்கள்.

படியிறங்கி வந்த நவ்ஷாத் உம்மு ஸல்மாவுக்கு முன்னால் நின்றார். அவரிடம் கோபம் தெரியவில்லை.

"அவன் சொன்னதை நீங்களும் நம்பினீங்களா, ராத்தா?"

இல்லையென்று சொல்லியிருக்கலாம். சொல்லும்படி அவர் முகமும் கேட்டது.

"ஓம்" என்றார் உம்மு ஸல்மா. "நம்பினன்."

நவ்ஷாத் தலையசைத்தார். சனூன் ஓட்டோவைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தினார். நவ்ஷாத்தும் சரீபாவும் அதில் ஏறாமல் பஸ் நிலையத்தை நோக்கி நடந்தார்கள்.

உம்மு ஸல்மாவும் ஏறவில்லை. வாப்பா இல்லாத ஸப்ராஸைச் சின்ன வயதிலிருந்து தன் பிள்ளையாக வளர்த்தவர் மீராசாஹிபு. ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் அவனைத்தான் முதலில் கேட்டிருந்தார். அவருக்கு இதைச் சொல்லவேண்டும். கூட வரவா என்று பிரேமினி கேட்டதற்கு வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, உம்மு ஸல்மா தனியே ஆஸ்பத்திரிப் பக்கம் நடந்தார்.