முழங்கைச் சுற்று

அக்காளும் தம்பியும் நோயுற்ற தந்தையோடு புதிதாய்க் குடிபுகுந்த அந்தப் பழைய வீட்டில் கார் நிறுத்த இடமில்லை. ஆகவே அக்காளின் மின்சாரக் கார் தோட்டத்தின் கடைக்கோடியில், தகரக் கொட்டகையின் கீழ் நின்றது. பிளக் பாயிண்டோ வீட்டின் பின்சுவரில் இருந்தது. இரண்டிற்கும் நடுவே சருகு மண்டிய நீண்ட நிலம்.

மின்பணியாளர் அன்று பிற்பகல் வந்தார். தடித்த வயர் ஒன்றை, இடையில் ஒட்டுப்போடாமல், தேவைக்கு மேல் தாராளமாய் நீளம் விட்டு, கார் வரை இழுத்தார். மின்கசிவு நேர்ந்தால் தானே அணையும் சுவிட்சையும் பொருத்தினார். பிறகு ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொன்னார்.

"வயரை முழுசா விரிச்சே போடுங்கம்மா. சுருட்டி வெச்சுக்கிட்டு சார்ஜ் போட்டா, சூடு வெளியேற வழியில்லாம உள்ளுக்குள்ளயே வேகும். முன்னாடி இங்க இருந்தவர் சொன்னாக் கேக்க மாட்டார். வயரைக் கண்டாச் சுருட்டிடுவார்."

"அப்புறம்?"

அவர் கொட்டகைத் தகரத்தில் படிந்திருந்த கரும்புகையை ஒருமுறை நிமிர்ந்து நோக்கினார்.

"அப்புறம் என்ன, வீடு காலியாச்சு."

மறுநாள் விடியலில் தந்தைக்கு இரத்தச் சுத்திகரிப்பு. ஒருமுறை தவறினாலும் உயிருக்கு ஊறு. அவரை மருத்துவமனை வார்டிலேயே விட்டுவிடலாம் என்று தம்பி நெடுநாளாய் முணுமுணுத்து வந்தான். வீட்டிலேயே வைத்துக் காப்பேன் என்ற அவளுடைய உறுதி முழுதும் அந்தக் காரை நம்பியே நின்றது.

அந்தி மயங்கும் வேளையில் வயரைச் சுருளில்லாமல் விரித்துச் செருகினாள். தந்தைக்கு மாத்திரை கொடுத்துவிட்டு வந்து பார்த்தபோது, அது கொட்டகையருகே வட்டவட்டமாய்ச் சுருண்டு கிடந்தது. தொட்ட விரலைச் சுட்டது.

தம்பி நாடக மேடைகளுக்கு விளக்கமைப்பவன். கீழே கிடக்கும் வயரைக் கண்டால் அவன் கை சும்மா இராது.

"உன் வேலைதானேடா?"

"இப்பத்தான் குளிச்சிட்டு வர்றேன். தலை கூடக் காயலை."

"கார் நின்னுபோனா அப்பாவை வார்டுல தள்ளிடலாம். பாம்பும் சாகணும், கோலும் முறியக்கூடாது. அதானே?"

"சந்தேகத்துக்கும் ஒரு அளவு இருக்குக்கா. இதைப் பாரு. தொழில் தெரிஞ்சவன் வளையம் வளையமாக் கையில வாங்குவான். இது கட்டைவிரலுக்கும் முழங்கைக்குமாச் சுத்தினது. அரைகுறை ஆளோட சுத்து."

அவள் நம்பவில்லை. வயரை மறுபடி விரித்தாள். பின்சுவரோரம் இரு நாற்காலிகளைப் போட்டாள்.

"ரெண்டு கையும் என் கண்ணு முன்னாடி இருக்கட்டும்."

"விலங்கே மாட்டிடேன்," என்று உள்ளங்கைகளை மடிமேல் மலர்த்தி வைத்து அவன் சிரித்தான்.

சிரிப்பு ஓயுமுன் சருகு சலசலத்தது.

காற்றில்லை.

அவர்கள் காலடியில் கிடந்த வயர், இருளை நோக்கி மெல்ல மெல்ல ஊர்ந்தது. ரப்பர் கருகும் நாற்றம் மூக்கில் ஏறியது.

"அக்கா... நீ இழுக்கிறியா?"

"என் கை இங்கதான்டா இருக்கு."

கொட்டகையின் கீழே, ஆளுயரத்தில், அந்தரத்தில், வயர் சுற்றிக்கொண்டிருந்தது. கட்டைவிரல் இருக்கவேண்டிய இடத்தில் மேலே வளைந்தது. முழங்கை இருக்கவேண்டிய இடத்தில் கீழே வளைந்தது.

நடுவில் கை இல்லை.

தம்பி பாய்ந்து சுவிட்சை அணைத்தான். சுற்றுகள் அத்தனையும் தொப்பென்று மண்ணில் விழுந்தன. அவளோ சற்றுமுன் ஐயுற்ற அதே கையை இறுகப் பற்றிக்கொண்டாள்.

அதுவரை ஏறியிருந்த சார்ஜ் மருத்துவமனை வரை செல்லப் போதும். விடியுமுன் தந்தையைப் பின்னிருக்கையில் அமர்த்தி, வயரை அங்கேயே விட்டுவிட்டு, திரும்பிப் பாராமல் புறப்பட்டார்கள்.

"வேற வீடு பாத்துக்கலாம்க்கா," என்றான் அவளருகே முன்னிருக்கையில் இருந்த தம்பி. "இனிமே வார்டு பேச்சே எடுக்க மாட்டேன்."

கீழ்வானம் வெளுத்தது. அவளுக்கு மூச்சு சீராய் வந்தது. ஓட்டிக்கொண்டே கண்ணாடியில் தந்தையை நோக்கினாள். அவர் இடக்கையை மடித்து, கட்டைவிரலை நிமிர்த்தி, அசையாமல் உயர்த்தியிருந்தார். சிகிச்சை ஊசிக்கென்று கடிகாரம்கூடக் கட்டாமல் காத்துவந்த கை அது.

"என்னப்பா, கை வலிக்குதா?"

"இல்லம்மா. கொஞ்ச நேரம் இப்படியே பிடிங்கன்னு பக்கத்துல இருக்கிறவர் சொன்னார். சுத்தி முடிக்கணுமாம்."

அவர் தோலின்மேல், கட்டைவிரலின் அடியிலிருந்து முழங்கை வரை, முதல் சிவப்பு வரி மெல்ல எழுந்தது.